நாக்கு சொல்லும் சாட்சி

அமெரிக்கத் துரித உணவுக் கடைகளை ஒப்பிட்டுச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை நடைக்காக; அது நன்றாகவே ஓடுகிறது. இரண்டாம் முறை வாதத்துக்காக. அங்கே கால் வைத்த இடமெல்லாம் புதைகிறது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் தின்ற உருளைக்கிழங்கு வறுவலின் ருசியை ஒருவர் இன்னமும் நினைத்துக்கொண்டிருப்பதில் எனக்கு ஆட்சேபணை ஏதுமில்லை. ஆனால் அந்த நினைப்பையே ஆவணமாக, சாட்சியாக, தீர்ப்பாக வாசகர் தலையில் கட்டும்போது பேசாமல் இருப்பது வாசகருக்குச் செய்யும் துரோகம்.

மறுக்க வருகிறவன் எதிராளியின் கட்சியை முதலில் குறையில்லாமல் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது நம் தர்க்க மரபு. அருள்நந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று வகுத்துக்கொண்டது இந்த ஒழுங்கில்தான். ஆகவே பரபக்கம் இது: மெக்டொனால்ட்ஸ் ஒரு காலத்தில் மாட்டுக்கொழுப்பில் வறுத்தது, அதுவே மரபு, அதுவே இயற்கை, 1990-ல் ஆரோக்கிய வெறியர்கள் அதைக் கெடுத்தார்கள். பர்கர் அன்று சாறு சொட்டியது, இன்று வரட்டியாகிவிட்டது. கே.எஃப்.சி. நிறுவனர் இருந்தவரை தூய்மையாக இருந்தது. இன்-என்-அவுட்டும் வெண்டீஸும் இம்மியும் மாறாமல் நின்று மற்றவர்களின் வீழ்ச்சிக்குச் சாட்சி சொல்கின்றன. இந்தியாவுக்கு வந்த கடைகள் நம் நாக்குக்கு மண்டியிட்டன. அது நம் பண்பாட்டின் வெற்றி. கடைசியாக, கலோரிப் பலகையும் உட்பொருள் பட்டியலும் வளர்ந்த மனிதனைக் குழந்தையாக நடத்தும் வேலை.

ஆறு வாதங்கள். இவற்றில் ஒன்றாவது சொந்தக் காலில் நிற்கிறதா?

கட்டுரையின் உயிர் இருக்கும் மாட்டுக்கொழுப்பிலிருந்தே தொடங்குகிறேன். 1948-ல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் ரிச்சர்ட், மாரிஸ் மெக்டொனால்ட் சகோதரர்கள் தங்கள் கடையைச் சில மாதம் மூடி, காரருகே வந்து பரிமாறும் பெண்களையும் பீங்கான் தட்டுகளையும் ஒழித்து, 15 சென்ட் ஹாம்பர்கரோடு மறுபடி திறந்தபோது, பட்டியலில் ஒன்பதே பண்டங்கள் இருந்தன. அந்த ஒன்பதில் ஃப்ரைஸ் கிடையாது. பொட்டலத்தில் வந்த சிப்ஸ்தான் இருந்தது. கட்டுரையாளர் ‘ஆதி ருசி’ என்று நெக்குருகும் பண்டம், ஆதியில் இல்லவே இல்லை. பிறகு ரே கிராக் 1955-ல் இல்லினாயின் டெஸ் பிளெய்ன்ஸில் தன் கடையைத் திறந்து கிளைகளைப் பரப்பினார். அவருக்கு வறுக்கும் கொழுப்பைக் கொடுத்த சிறு சப்ளையரிடம் தாவர எண்ணெய்க்கு ஹைட்ரஜன் ஏற்றும் இயந்திரம் வாங்கப் பணமில்லை. அதனால் மாட்டுக்கொழுப்பைக் கலந்தார்கள். கலவையில் சுமார் 93 சதவீதம் அது, மீதி தாவர எண்ணெய். ஒரு சின்ன வியாபாரியின் கைமுடையில் பிறந்த கலவை அது. கைமுடையை மரபு என்று பெயர் மாற்றி வைப்பதற்கு என்ன ஆய்வு வேண்டியிருந்தது இவருக்கு?

சட்டியில் இருந்ததைப் பற்றி இவ்வளவு கண்ணீர் விட்டவர், சட்டிக்குள் விழுந்த கிழங்கைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஆரம்ப வருஷங்களில் ஒவ்வொரு கடையிலும் பையன்கள் கிழங்கைத் தோலுரித்து, வெட்டி, அலசி வறுத்தார்கள். அறுபதுகளில் ஐடஹோவின் உருளைக்கிழங்கு முதலாளி ஜே.ஆர். சிம்ப்ளாட்டும் கிராக்கும் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு, ஆலையில் வெட்டி, அரைவேக்காடாக வறுத்து, உறையவைத்த கிழங்கு லாரியில் வந்து இறங்கத் தொடங்கியது. எழுபதுகளின் தொடக்கத்தில் புதுக்கிழங்கு அநேகமாக மறைந்துவிட்டது. கட்டுரையாளர் மாணவராக அமெரிக்கா போய் இறங்கியது, அவரே எழுதியிருப்பதுபோல், எண்பதுகளின் நடுவில். அப்படியானால் அவர் ‘மண்மணம் மாறாத அசல்’ என்று போற்றும் அந்தப் பொட்டலம், அதற்குப் பதினைந்து வருஷம் முன்பே ஆலைச் சரக்காகிவிட்ட ஒன்று. உறைந்த கிழங்கைத் தின்றுவிட்டு மண்மணம் உணர்ந்த நாக்கை, 1990-க்குப் பின் நடந்த மாற்றத்தைப் பற்றிச் சாட்சிக் கூண்டில் எப்படி ஏற்றுவது? பத்தொன்பது வயதுப் பசிக்கு எதுவும் ருசிக்கும். அது பசியின் பெருமை.

இனி 1990. ஒமாஹாவைச் சேர்ந்த ஃபில் சொகொலோஃப் என்ற தொழிலதிபர், 43 வயதில் மாரடைப்பு வந்து பிழைத்தவர், அமெரிக்கா விஷமூட்டப்படுகிறது என்று நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். அந்த ஜூலையில் மெக்டொனால்ட்ஸ் தாவர எண்ணெய்க்கு மாறுவதாக அறிவித்தது. பர்கர் கிங், வெண்டீஸ் கடைகளும் அதே பாதையில் போயின. இதுவரை கட்டுரையாளர் சொல்வது சரி. இதற்குப் பிறகு வருவதுதான் கதையின் சதைப்பகுதி, அதை அவர் பாதியில் அறுத்துவிட்டார். புதிய எண்ணெய் பகுதி ஹைட்ரஜன் ஏற்றியது. அதாவது நம் வீட்டு அடுப்படிகளில் டால்டா டப்பாவில் வந்த வனஸ்பதிக்கு நெருங்கிய பங்காளி. அறிவிப்பு வந்து ஒரு மாதத்துக்குள், 1990 ஆகஸ்டில், மென்சிங்க், காட்டன் என்ற இரு டச்சு ஆய்வாளர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில், அத்தகைய எண்ணெயில் உள்ள ட்ரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்லதை இறக்குகிறது என்று காட்டினார்கள். இதை மேற்கோளாக வைத்துக் கட்டுரையாளர் எட்டும் முடிவு: ‘ஆகவே மாட்டுக்கொழுப்பே நல்லது.’

மணிமேகலை காலத்திலிருந்து நாம் ஏதுப்போலி என்று அழைக்கும் கோளாறுக்கு இதைவிடத் தெளிவான திருட்டாந்தம் கிடைக்காது. புதிதாக வந்த வேலைக்காரன் திருடன் என்று தெரிந்தால், முன்பு வேலையை விட்டு நிறுத்தப்பட்டவன் உத்தமனாகிவிடுவானா? மாட்டுக்கொழுப்பில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு. 1990-ல் அது எப்படி இருந்ததோ அப்படியேதான் இன்றும் இருக்கிறது. ட்ரான்ஸ் கொழுப்பின் குற்றம் அதன் கணக்கிலிருந்து ஒரு காசைக்கூடக் கழிக்காது. மேலும், வனஸ்பதியை விரட்டியது யார்? இவர் ‘வெறியர்’ என்று திட்டும் அதே கூட்டம். பொதுநல அறிவியல் மையம் என்ற அமைப்பு எண்பதுகளில் மாட்டுக்கொழுப்பை எதிர்த்தது; சான்று மாறியதும் தன் நிலையை மாற்றிக்கொண்டு 1994-ல் ட்ரான்ஸ் கொழுப்பைப் பட்டியலிடச் சொல்லி அரசிடம் மனு கொடுத்தது. சான்றைக் கண்டு மனம் மாறுகிறவனை வெறியன் என்றும், சான்றைக் கண்ட பிறகும் பத்தொன்பது வயதிலேயே நிற்கிறவனை ரசிகன் என்றும் அழைக்க எந்த அகராதி அனுமதிக்கிறது?

இந்த எண்ணெய் வரலாற்றில் உண்மையான குற்றம் ஒன்று இருக்கிறது. அதை இவர் தொடவே இல்லை. 1990-க்குப் பிறகு ‘தாவர எண்ணெய்’ என்ற சொல்லை நம்பி, அமெரிக்காவில் குடியேறிய சைவ உணவுக்காரர்கள், இந்துக்கள், சமணர்கள் பல்லாயிரம் பேர் அந்த ஃப்ரைஸைச் சாப்பிட்டார்கள். எண்ணெய் மாறியதால் போன மணத்தை ஈடுகட்ட மாட்டிறைச்சியிலிருந்து எடுத்த மணப்பொருளை ஆலையிலேயே கிழங்கில் சேர்த்திருந்தார்கள். உட்பொருள் பட்டியலில் ‘இயற்கை மணம்’ என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால் மாடு ஒளிந்திருந்தது. 2001-ல் சியாட்டிலில் ஹரிஷ் பாரதி என்ற வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார். 2002-ல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, சைவ உணவு அமைப்புகளுக்கும் சமய அமைப்புகளுக்குமாக 1 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதே 2002-ல் ட்ரான்ஸ் கொழுப்பைக் குறைப்பதாக ஊரறியச் சொன்னது. குறித்த காலத்தில் செய்யாததை ஊரறியச் சொல்லவில்லை. அதற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு 2005-ல் 85 லட்சம் டாலரில் முடிந்தது. நான் சொல்ல வருவது இதுதான்: உணவு மாறுவது குற்றமில்லை. சாப்பிடுகிறவனிடம் சொல்லாமல் மாற்றுவதும், மாற்றியதைச் சொல்லில் ஒளிப்பதுமே குற்றம். தமிழில் எழுதுகிற ஒருவர், நம்மவர்களின் இலையில் நடந்த இந்த ஏமாற்றை விட்டுவிட்டு, மாட்டுக்கொழுப்பின் மொறுமொறுப்புக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார். எதைக் கண்டு எழுத வேண்டும் என்பதே தெரியாதபோது, எப்படி எழுதுகிறார் என்பதைப் பாராட்டி என்ன பயன்?

இரண்டாவது, சாறு சொட்டிய பர்கர். நடுவில் இளஞ்சிவப்பாக வெந்த இறைச்சியின் மென்மையைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறார். அந்த இளஞ்சிவப்பு ஏன் போனது என்று கேட்கவில்லை. 1993 தொடக்கத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்தில் ஜாக் இன் தி பாக்ஸ் கடைகளின் அரைவேக்காட்டுப் பர்கர்களிலிருந்து ஈ. கோலை கிருமி பரவி 700-க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அப்போது மத்திய அரசு கேட்டது 60 டிகிரி செல்சியஸ் உள்வெப்பம். வாஷிங்டன் மாநிலம் 68 டிகிரி கேட்டது. அந்தக் கடைகள் மாநில விதியைப் பின்பற்றவில்லை. 1994-ல் அந்தக் கிருமி கலந்த அரைத்த மாட்டிறைச்சியை விற்கவே கூடாத கலப்படப் பொருளாக அரசு அறிவித்தது. அதன் பிறகு எல்லாக் கடைகளிலும் பர்கர் உள்ளே வரை வெந்தாக வேண்டியதாயிற்று. கட்டுரையாளர் ‘கஞ்சத்தனம்’ என்று பெயர் வைத்த அந்த வறட்சிக்கு அடியில் நான்கு சிறு கல்லறைகள் இருக்கின்றன. தெரிந்து மறைத்தாரா, தெரியாமல் எழுதினாரா? இரண்டில் எதுவானாலும் இதைப் பற்றி எழுதும் தகுதியை அது பாதிக்கிறது.

எல்லாமே இறங்குமுகம் என்ற அவருடைய வரைபடமும் தப்பு. மெக்டொனால்ட்ஸின் கோழித்துண்டான மெக்நகெட்ஸ் 2003-ல் வெள்ளைக் கறிக்கு மட்டும் மாறியது. அமோனியா ஏற்றிய மாட்டிறைச்சித் துணுக்குகளைப் பர்கரில் கலப்பதை மெக்டொனால்ட்ஸ் 2011-ல் நிறுத்தியது. 2018-ல் தன் அமெரிக்கக் கடைகளில் க்வார்ட்டர் பவுண்டருக்கு உறையாத இறைச்சியைக் கொண்டுவந்தது. ஏறிய இடங்களை அழித்துவிட்டு இறங்கிய இடங்களை மட்டும் இணைத்தால் எந்த மலையும் பள்ளமாகத்தான் தெரியும்.

மூன்றாவது, கே.எஃப்.சி. ஹார்லண்ட் சாண்டர்ஸின் தூய்மை நிறுவனம் கைமாறியதும் போனது, பெரியவர் மனம் நொந்து மௌனமாக இறந்தார் என்கிறார். ஒவ்வொரு சொல்லும் தவறு. இரும்புச் சட்டியில் கோழி பொரிக்க அரைமணி நேரம் ஆகிறது என்று 1939-லேயே பிரஷர் குக்கரைப் பொரிப்புப் பாத்திரமாக மாற்றியவர் சாண்டர்ஸ். வேகத்துக்காக மரபை உடைத்த முதல் ஆள் அவர்தான். 1964-ல் 20 லட்சம் டாலருக்கு நிறுவனத்தை விற்றவரும் அவரேதான். மௌனம்? தன் கடைகளின் கிரேவியைச் சுவர்த்தாள் பசைக்கு ஒப்பிட்டுப் பத்திரிகையில் பேசினார்; பௌலிங் கிரீன் ஊர்க் கிளை அவர் மேலேயே அவதூறு வழக்குப் போட்டு, 1978-ல் கென்டக்கி உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அந்தச் சமயமெல்லாம் அவர் முகம் வாளியில் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்காகச் சம்பளமும் வந்துகொண்டிருந்தது. இதில் நாம் படிக்க வேண்டிய பாடம் தூய்மையைப் பற்றியது இல்லை. உள்ளே இருக்கும் பண்டம் மாறலாம், வெளியே இருக்கும் முகம் மாறக் கூடாது என்பதே வியாபார சூத்திரம். கட்டுரையாளர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பண்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்.

நான்காவது வாதம் தன் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறது. மாறாத கடைக்கு எடுத்துக்காட்டு இன்-என்-அவுட். சரி, அங்கே ஃப்ரைஸ் எதில் வறுபடுகிறது? சூரியகாந்தி எண்ணெயில். முதல் பக்கத்தில் மாட்டுக்கொழுப்பு இல்லாத ஃப்ரைஸ் ஃப்ரைஸே இல்லை என்று சத்தியம் செய்தவர், நான்காம் பக்கத்தில் தாவர எண்ணெய் ஃப்ரைஸை அப்பழுக்கற்றது என்று கொண்டாடுகிறார். எந்தப் பக்கத்தை நம்புவது? அந்தக் கடை புதுக்கிழங்கை வெட்டுவதும் இறைச்சியை உறையவைக்காததும் உண்மை. அதற்குக் கொடுக்கும் விலையையும் சொல்ல வேண்டாமா? 1948-ல் பால்ட்வின் பார்க்கில் தொடங்கிய அது உரிமம் விற்பதில்லை, தன் இறைச்சிக்கூடத்திலிருந்து லாரி ஒரு நாளில் போய்ச் சேரும் தூரத்துக்கு அப்பால் கடை திறப்பதில்லை. எனவே எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் நானூற்றுச் சொச்சம் கடைகள்தான். மெக்டொனால்ட்ஸுக்கு அமெரிக்காவில் மட்டும் 13,000-க்கு மேல். வளராமல் இருக்கச் சம்மதித்ததால் மாறாமல் இருக்க முடிந்தது. அது குணம் மட்டுமில்லை, கணக்கும்கூட. வெண்டீஸோ மாறாத கடையே இல்லை. 2010-ல் தோலோடு வெட்டிய ஃப்ரைஸுக்கு மாறியது, அடுத்த வருஷம் பர்கரையே மாற்றி அமைத்தது. சதுர இறைச்சி இன்னும் சதுரமாக இருப்பதைக் கண்டு மாறவில்லை என்று எழுதிவிட்டார் போலும்.

ஐந்தாவது, இந்திய வெற்றி. 1996 அக்டோபரில் தில்லியின் வசந்த் விஹாரில் மெக்டொனால்ட்ஸ் திறந்தபோது மாட்டிறைச்சி இல்லை, பிக் மேக்குக்குப் பதில் ஆட்டிறைச்சி வைத்த மகாராஜா மேக் வந்தது, பிறகு அதுவும் கோழிக்கு மாறியது. முட்டையில்லா மயோனைஸ் செய்தார்கள், சைவச் சமையலைத் தனியே பிரித்தார்கள். இது மண்டியிடல் என்றால், எந்த மண்ணிலும் மடியக்கூடிய முழங்காலோடுதான் அவர்கள் பிறந்தார்கள். சங்கிலிக் கடைக்குச் சொந்தமான ருசி ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. சொந்தமான முறை உண்டு. ஒரே அளவு, ஒரே நேரம், ஒரே பொட்டலம். ஆலு டிக்கி அந்த முறைக்குள் நுழைந்தது என்றால் முறை நம் டிக்கியை விழுங்கியது என்று பொருள். இதில் யார் யாரை வென்றது?

இவ்வளவு எழுதியவர் கண்ணில், எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் படவில்லை. 1955-ல் மெக்டொனால்ட்ஸ் ஃப்ரைஸ் ஒரே அளவு, 68 கிராம். கோக் கோப்பை 200 மில்லியைச் சற்றே தாண்டும். ஷிகாகோ திரையரங்குகளில் பாப்கார்ன் விற்ற டேவிட் வாலர்ஸ்டைன், இரண்டாவது பொட்டலம் கேட்க மனிதன் கூச்சப்படுகிறான், ஒரே பொட்டலத்தைப் பெரிதாக்கினால் கூசாமல் வாங்குகிறான் என்று கண்டவர்; மெக்டொனால்ட்ஸ் இயக்குநர் குழுவுக்கு வந்து, தயங்கிய கிராக்கை இணங்கவைத்தார். எழுபதுகளில் பெரிய பொட்டலம் வந்தது, தொண்ணூறுகளில் சூப்பர் சைஸ் வந்தது. 2004-ல் அதைக் கைவிடும்போது கோப்பை ஒன்றேகால் லிட்டரை நெருங்கியிருந்தது. எந்தக் கொழுப்பில் வறுத்தார்கள் என்று சண்டை போடுகிறவர், எத்தனை மடங்கு வறுத்துக் கொடுத்தார்கள் என்று ஏன் கேட்கவில்லை? கேட்டால் பழைய பொட்டலத்தின் பெருமை அதன் சிறுமையில் இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். ஏக்கத்தின் கவர்ச்சி கரைந்துபோகும்.

இந்த ஏக்கம் இப்போது ஏன் எழுதப்படுகிறது என்பதையும் பேசியாக வேண்டும். 2025 தொடக்கத்தில் ஸ்டேக் என் ஷேக் சங்கிலி மாட்டுக்கொழுப்புக்குத் திரும்புவதாக அறிவித்தது. சுகாதாரத் துறைச் செயலாளர் ராபர்ட் கென்னடி ஜூனியர் அதைப் பாராட்டினார். கட்டுரையாளர் அதை ‘உண்மையின் மறுவருகை’ என்கிறார். ஒரு விளம்பரமும் ஓர் அரசியலும் கைகோத்து வரும் ஊர்வலத்தில், தன் இளமையின் படத்தைத் தூக்கிக்கொண்டு கடைசி ஆளாகச் சேர்ந்திருக்கிறார். ருசிக்காக மாட்டுக்கொழுப்பில் வறுப்பவர்கள் வறுக்கட்டும், விரும்புகிறவர்கள் தின்னட்டும். அதை மருந்து என்று விற்பதையே எதிர்க்கிறேன்.

கடைசி வாதம்: பட்டியலும் பலகையும் நம்மைக் குழந்தையாக்குகின்றனவாம். ட்ரான்ஸ் கொழுப்பைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்ற அமெரிக்க விதி 2006-ல் அமலுக்கு வந்தது. அந்த வருஷமே வெண்டீஸ் எண்ணெயை மாற்றியது, கே.எஃப்.சி. மாற்றுவதாக அறிவித்தது, நியூயார்க் நகரம் உணவகங்களில் அதற்குத் தடை விதித்தது. 2008-ல் மெக்டொனால்ட்ஸும் மாற்றி முடித்தது. பதினாறு வருஷம் ஆய்வாளர்கள் சொல்லியும் அசையாத சட்டி, அளவை அச்சிடச் சொன்னதும் அசைந்தது. இன்று அமெரிக்க ஃப்ரைஸின் பட்டியலில் மாட்டிறைச்சி மணம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. சைவம் சாப்பிடும் எந்தப் பாட்டியும் இனி யாரையும் நம்பி ஏமாற வேண்டியதில்லை, பேத்தி படித்துச் சொல்லிவிடுவாள். இதுவா குழந்தையாக்குவது? தெரிந்து தின்கிறவன்தானே வளர்ந்தவன்?

கட்டுரையின் நடுவில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஐந்து கடைகளின் ஃப்ரைஸிலும் என்னென்ன சேர்கின்றன என்று வரிசையாக அடுக்கி, அதைக் காட்டித்தான் ‘பாருங்கள், எப்படிக் கெட்டுவிட்டது’ என்று கையை விரிக்கிறார். கட்டுரையில் உறுதியாக நிற்கும் ஒரே பக்கம் அதுதான். அந்த விவரங்களை அவர் நாக்கு சொல்லவில்லை. அவர் வேண்டாம் என்கிற அந்தப் பட்டியல்கள்தான் சொல்லின.